ஆறாவது துளை

வேலந்தாவளம், காலை ஏழரை.
தக்காளி லாரிகள் கிளம்பிப் போய்விட்டன.
மண்டித் தரையில் மிதிபட்ட சிவப்பு.
பழைய பெட்டியை முந்தாநாள் இடி தின்றுவிட்டது.
புதியதை டேங்கின்மேல் கட்டி
பொள்ளாச்சியிலிருந்து வந்தேன்,
பள்ளம் வந்தபோதெல்லாம் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு.

முகத்தில் ஆறு துளைகள்.
ஒன்று முதல் ஆறு வரை
வெள்ளை எழுத்தில் அழகாக அச்சிட்டிருக்கிறான்.
நம்பலாமா?

ஒருமுறை நம்பினேன், ஆனைமலைப் பக்கம் ஒரு நூற்பாலையில்.
உள்ளே போகவேண்டியதை வெளியே செருகி
ஒரு பகல் முழுக்க அவர்கள் சம்பளக் கணக்கு
ஊருக்கே திறந்து கிடந்தது.
அன்றிலிருந்து ஒவ்வொரு துளையையும்
பேர் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

திரைக்கு முன்னால் ஷைலஜா சேச்சி.
மாடிப்படிக்கு அடியில், உரமூட்டைகளுக்கு நடுவே, நான்.
இடையில் ஒரு சுவர். கத்திக்கொள்கிறோம்.

ஒன்றில் செருகினேன். பச்சை விளக்கு.
'சேச்சி, எது எழுந்துச்சு?'
'மூணு.'
இரண்டில் செருகினேன்.
'பூஜ்யம்.'
பெட்டிக்குள் எவனோ
பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறான்,
அதுவும் நடுவிலிருந்து.

மஞ்சள் வயர் கேரளத்து ஃபைபர்.
கறுப்பு, தகரக் கூரையில் பொள்ளாச்சியைப் பார்த்து நிற்கும் ஆன்டெனா.
ஒன்று போனால் மற்றது என்று
இரண்டு மாநிலத்துக்கும் பணம் கட்டுகிறார் அப்பாஸ் ராவுத்தர்.
மூன்றில் பில் மெஷின். ஐந்தில் கேமரா.
நான்கில் எடைமேடை விழித்துக்கொண்டு
யாரும் ஏறாமலே பன்னிரண்டு கிலோ என்றது.

மிச்சம் ஒரு நீல வயர்.
துண்டுச் சீட்டு இல்லை, நிறம் தேய்ந்தது.
ஆறில் செருகினேன். உடனே துடித்தது விளக்கு.
சுவருக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பிறகு,
'ஆரு?'
'ஆறு கிடையாது சேச்சி! உள்ள அஞ்சோட சரி!'
'நம்பரல்லடா. ஆரா இது?'

எங்கள் பக்கமும் ஆரு என்றால் யார்தான்.
எண்ணிக்கொண்டிருந்த காதுக்கு அது எட்டவில்லை.

வயரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.
சன்னல் கம்பி, முருங்கைக் கிளை, ஒரு விளக்குக் கம்பம்,
சாலைக்கு மேலே தொய்ந்து
அந்தப் பக்கம்.
சாலை தாண்டியதும் என் போன்
தமிழ்நாட்டுக்கு என்னை வரவேற்றது,
காலையிலிருந்து மூன்றாவது முறை.

மாசிலாமணியின் பஞ்சர் கடை.
டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி
குமிழ் வருமிடம் தேடிக்கொண்டிருந்தார்.
'கொரோனால பாப்பா கிளாசுக்குன்னு
மண்டிக்காரரு இழுத்து வுட்டதுங்க.'
'பாப்பா?'
'ஈரோட்டுல நர்சிங்.'
'அப்புறம் யாரு இதை...'
குமிழ் வந்தது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டே சொன்னார்:
'ராத்திரி ஒம்போதுக்கு அவ கூப்புடுவாளுங்க. வீடியோல.
இங்க டவர் எந்த ஸ்டேட்டுன்னு முடிவு பண்றதுக்குள்ள
மொகம் நின்னு போகுது.'

பேரில்லாத வயரைப் பிடுங்கு என்பது
இந்தத் தொழிலில் முதல் பாடம்.
சேச்சியைப் பார்த்தேன்.
அவர் எடைமேடையின் பன்னிரண்டு கிலோவைக்
கணக்கில் எங்கே எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்,
அல்லது அப்படி இருப்பதுபோல் இருந்தார்.

ராவுத்தருக்கு ஒரு போன் அடித்தேன்.
'அது கெடக்கட்டும்ப்பா' என்று வைத்துவிட்டார்.

கணக்கும் தராசும் கேமராவும் எட்டாதபடி
அதற்கென்று தனியாக ஒரு வலை கட்டினேன்.
ஒரு முகம் நிற்காமல் போக எவ்வளவு வேண்டுமோ
அவ்வளவு அகலம்.

பிறகு டேப் வெட்டி ஒட்டினேன்.
ஒன்றின் கீழ்: மூன்று, ஃபைபர்.
இரண்டின் கீழ்: பூஜ்யம், ஆன்டெனா.
அப்படியே வரிசையாக ஐந்து வரை.
ஆறின் கீழ் பேனா கொஞ்சம் நின்றது.
ஆரு, என்று எழுதினேன், சின்ன ரு போட்டு.
அடுத்து வருகிறவன்
எழுத்துப்பிழை என்று நினைத்துக்கொள்ளட்டும்.